தப்பான இடத்தில் ஒரு மூச்சு

"யாரைக் கேட்டு ரெக்கார்ட் பண்றீங்க?"

ஜசிந்தா போட்ட சத்தத்தில், பாடிக்கொண்டிருந்த நான்கு பெண்களும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே மழை மட்டும் யாருக்கும் பயப்படாமல் பெய்துகொண்டிருந்தது.

மண்டபத்து வாசலில் ஒருவன் நின்றான். தொப்பலாக நனைந்திருந்தான். லிஃப்ட் கம்பெனியின் பெயர் போட்ட நீலச் சட்டை, தோளில் கருவிப் பை, நீட்டிய கையில் கைப்பேசி... மழைக்கு ஒதுங்கியவன் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒதுங்கியவன் ஒதுங்கிவிட்டுப் போகக் கூடாதா? சனிக்கிழமை மத்தியானம் பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாதா கோயிலில் பெண்கள் பாட்டுப் பழகுவதை அவன் எதற்குப் பதிவு செய்ய வேண்டும்?

"சாரி மிஸ்... இப்பப் பாடுனீங்களே, அந்த எடம். இன்னொரு வாட்டி பாட முடியுமா?"

"கேட்ட பாட்டைப் போட இது என்ன ரேடியோவாண்ணே?"

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அப்போதுதான் ஜசிந்தா அவன் கண்களைப் பார்த்தாள்.

கண் பார்ப்பது அவளுக்குப் பிழைப்பு. பர்மா ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒன்பது வருடமாக ஊராரின் கண்களைச் சோதித்து அனுப்புகிறாள். இந்தக் கண்கள் சரியாகத் தூங்கிப் பல மாதம் இருக்கும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவாள். ஓரமெல்லாம் சிவந்து, உள்ளே மட்டும் கறுத்து ஆழமாக... சே, என்ன இது, பாட்டுப் பழகும் நேரத்தில்!

"இதைக் கேளுங்க மிஸ். கேட்டுட்டு வெளிய போடான்னா போயிடறேன்."

அவன் கைப்பேசியை அவள் காதருகே நீட்டினான். ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். வார்த்தை எதுவும் இல்லை. வயதான குரல், அங்கங்கே பிசிறு தட்டியது. மேலே ஏறப் பார்த்து, ஏறாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. தெரிந்த பாட்டு மாதிரியும் இருந்தது, பாட்டே இல்லாத மாதிரியும் இருந்தது. அப்புறம் ஓரிடத்தில் அந்தக் குரல் நின்று, சின்னதாக ஒரு மூச்சு எடுத்து, மறுபடி தொடர்ந்தது.

ஜசிந்தாவின் கையில் இருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது.

"யார் இவங்க?"

"எங்கம்மா."

பாட்டுப் பயிற்சி அத்தோடு கலைந்தது. ஜசிந்தா அவனைப் பக்கத்திலிருந்த முகம்மது கனியின் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனாள். மழைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. ஓரத்து மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் இரண்டை வைத்துவிட்டு கனி அண்ணன், "தம்பிக்குத் தலை துவட்டத் துண்டு வேணுமா?" என்று கேட்டார். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். பெயர் லோகேஸ்வரனாம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அப்பா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது.

"எட்டு மாசத்துக்கு முன்ன அம்மாக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு மிஸ். பேச்சு போயிடுச்சு. என் பேரு கூட வராது. ஆனா இது மட்டும் வருது... காலையில, சாயந்தரம், சோறு ஊட்டறப்ப. நானும் கோயில் கோயிலாக் கேட்டேன். பாட்டு வாத்தியாரைக் கேட்டேன். போன்ல பாட்டைக் கண்டுபிடிக்கிற ஆப் இருக்குல்ல, அதுல போட்டேன். அதுவும் கையை விரிச்சிருச்சு. இன்னைக்கு மழைக்கு நின்னேன்... உள்ளேருந்து எங்கம்மா பாடறாங்க!"

சொல்லிவிட்டு அவன் குடிக்காமல் கோப்பையையே பார்த்தான்.

"உங்களுக்கு நல்ல காதுண்ணே. அந்த மழையில யாருக்கும் கேட்டிருக்காது."

"லிஃப்ட்காரன்லா. ஓடற சத்தத்தை வச்சுத்தான் எங்க கோளாறுன்னு சொல்லுவோம்."

"அம்மா பாட்டை ஏன் யாரும் கண்டுபிடிக்கலன்னு இப்பச் சொல்றேன். நீங்க வச்சிருக்கறது முழுப் பாட்டு இல்ல. பாதி. நாலு குரல்ல பாடற பாட்டு இது. மெட்டு மேல முதல் குரல்ல போகும். கீழ அதுக்குத் துணையா ரெண்டாங் குரல் போகும்... நான் பாடறது, உங்கம்மா பாடறது. இன்னைக்கு முதல் குரல்காரங்க வரல, நாங்க மட்டும் தனியாப் பழகினோம். அதனாலதான் உங்க காதுல விழுந்துச்சு."

"பாட்டு என்ன பாட்டு?"

"சால்வே ரெஜினா. லத்தீன். அரசியே வாழ்கன்னு அர்த்தம். வாழ்கன்னு ஆரம்பிச்சு அழுதுகிட்டே போகும். அந்தக் காலத்துச் சாமியார் மடங்கள்ல படுக்கப் போறதுக்கு முன்ன கடைசியாப் பாடறது. ஒரே குரல்ல, வாத்தியமே இல்லாம. அதுலயும் சாதா நாளுக்கு எளிசா ஒரு மெட்டு, திருநாளுக்கு இழுத்து இழுத்து ஒரு மெட்டு. அப்பறம் பெரிய பெரிய ஆளுங்க வாத்தியக் கூட்டம் வச்சு எத்தனையோ மெட்டுப் போட்டுட்டாங்க. எங்களது அதெல்லாம் கெடையாது. முந்தி இங்க இருந்த ஒரு பிரெஞ்சு ஃபாதர் போட்டது. வேற எந்தக் கோயில்லயும் இல்ல."

"அழுகைன்னா... என்ன சொல்லி அழறாங்க?"

"நாங்க வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்க, இந்தக் கண்ணீர்க் கணவாயில நின்னு அழறோம்னு..."

"கணவாயா?" முதன்முறையாக அவன் முகத்தில் ஒரு குழப்பமான உயிர் வந்தது. "கடல்ல புடிக்கற சோத்தோங்கா? சோத்தோங்குக்கு என்ன மிஸ் கண்ணீரு?"

ஜசிந்தாவுக்குத் தேத்தண்ணீர் புரையேறிவிட்டது.

"மலைக்கு நடுவுல இருக்குமே, அந்தக் கணவாய்ண்ணே! பள்ளத்தாக்கு!" தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "நீங்க பரவால்ல. சின்னப் பிள்ளையில ஜெபத்துல கணவாய்னு கேட்டுட்டு நான் ரெண்டு வருஷம் சோத்தோங் சம்பல் தொடல. பாவம் வந்துரும்னு!"

அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் இன்னும் சோகமாகத் தெரிந்தன. அது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நாங்க பாடற அதே பாட்டுன்னு எப்படி மிஸ் அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"மூச்சு." ஜசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "சுஸ்பிராமுஸ்னு ஒரு சொல் வரும். பெருமூச்சு விடறோம்னு அர்த்தம். ஒரே சொல்... நடுவுல மூச்செடுக்கக் கூடாது. ஆனா பழைய தாள்ல யாரோ பென்சில்ல போட்ட மூச்சுக் குறி எடம் தவறி அந்தச் சொல்லுக்கு நடுவுல விழுந்திருச்சு. அதையே நகல் எடுத்து, நகலை நகல் எடுத்து... ரெண்டாங் குரல்காரிங்க நாங்க இன்னைக்கும் சுஸ்பிரா... முஸ்னுதான் பாடறோம். புதுசா வந்த ஃபாதர் தலையில அடிச்சுக்கிட்டாரு, திருத்த முடியல. உலகத்துலயே அந்தத் தப்பு எங்க கிட்ட மட்டும்தான் இருக்கு. உங்கம்மாவும் அதே எடத்துலதான் மூச்செடுக்கறாங்க."

லோகேஸ்வரன் கைப்பேசியைக் காதில் வைத்து, அந்த மூச்சு வரும் இடம்வரை இன்னொரு முறை கேட்டான்.

"அம்மாக்கு ஆளே இல்லன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு. சொந்தம் பந்தம் ஒருத்தரும் இல்லன்னு... தினமும் சாமி விளக்கு ஏத்தறவங்க மிஸ் எங்கம்மா. அவங்க எப்படி இங்க..."

"எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்க வரிசையில நின்னுதான் இதைப் படிச்சிருக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜசிந்தா ஆயர் ஈத்தாம் போனாள். அவனே காடி ஓட்டி வந்து அழைத்துப் போனான். ஏழாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே பினாங்கு மலை பாதி மேகத்தில் இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மாளின் பெயர் பிரமிளா. நெற்றியில் விபூதி, வலது கை மடியில் உயிரில்லாமல் கிடந்தது. பார்வை மட்டும் கூர்மையாக இருந்தது.

"ஆன்ட்டி, நான் ஜசிந்தா..."

அதற்கு மேல் என்ன சொல்வது? அவள் பாடத் தொடங்கினாள். வாழ்நாளெல்லாம் இரண்டாம் குரலிலேயே ஒளிந்துகொண்டவள், அன்று முதல் முறையாக முதல் குரலை எடுத்தாள். உயரத்தில் குரல் நடுங்கியது. ஒரு வரி, இரண்டு வரி... மூன்றாவது வரியில் கீழேயிருந்து அந்தப் பிசிறு தட்டிய முனகல் வந்து சேர்ந்துகொண்டது.

அறைக்குள் பாட்டு முழுசானது. லோகேஸ்வரன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதமாக அரையும் குறையுமாகக் கேட்டது, இப்போது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கைகோத்துக்கொண்டு போனது. 'சுஸ்பிரா' என்ற இடத்தில் இருவரும் ஒன்றாக நின்றார்கள், ஒன்றாக மூச்செடுத்தார்கள், ஒன்றாகப் போனார்கள். முடிந்ததும் பிரமிளா அம்மாள் இடது கையால் ஜசிந்தாவின் கன்னத்தைத் தொட்டார். அவர் கண்களிலிருந்து கண்ணீர் இறங்கிக் கன்னத்தில் வழிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆயர் ஈத்தாம்தான்.

பாட்டு முடிந்ததும் கீழே பசாரில் மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டி வருவார்கள். அவன் ஒரு பள்ளிக்கூடத்து நோட்டில் லத்தீன் சொற்களைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதச் சொல்லி நீட்டுவான். அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

"இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் லிஃப்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதறீங்களோ!"

"லிஃப்ட் உங்களை மாதிரி இல்ல, மிஸ். குத்தம் சொல்லாம மேல போகும்."

"ரொம்பத்தான்லா வாய்!"

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, அவள் அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். நிறுத்தியது அவளுக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. அன்று காடியில் வரும்போது, "இப்பல்லாம் என்னை என்னன்னு கூப்பிடறீங்க?" என்று கேட்டான். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை! முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை... மிஸ் என்று சொல்வதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டான்.

முப்பத்தொரு வயதில் இதெல்லாம் தேவையா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் மனம் கேட்கிறதா? திங்கட்கிழமை காலையே ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்துவிடும்.

அப்பாவிடம் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா இறந்த பிறகு ஆறு வருடமாக டத்தோ கிராமாட் வீட்டில் அப்பாவும் அவளும் மட்டும்தான். அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் இதே கோயிலில், இதே பாட்டில், அடிக்குரல் பாடியவர். ஒரு சாயங்காலம் ஜசிந்தா எல்லாவற்றையும் சொல்லி, கைப்பேசியில் பிரமிளா அம்மாளின் படத்தைக் காட்டினாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பிலோமினா..." என்றார்.

"யாருப்பா?"

"ரெண்டாங் குரல்ல முத ஆளு. அவ நின்ன எடத்துலதான் நீ இப்ப நிக்கற." அவர் படத்தை விரலால் தொட்டார். "நல்ல குடும்பத்துப் பிள்ளை. போயும் போயும் ஒரு பரதேசி பின்னால போயிட்டா. இந்துப் பையன். அவன் வீட்டுல பேரையும் மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அவ அப்பன் பூசைக்கு வந்து எல்லாரு முன்னாலயும் எனக்கு மகளே பொறக்கலன்னு சொன்னான். முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

"அப்பறம் அவங்க வரவே இல்லியா?"

அப்பா கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு வாட்டி வந்தா. மாதா திருநாளு. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வெளிய நின்னா. உள்ள வரல. நாங்க இந்தப் பாட்டைப் பாடிக்கிட்டிருந்தோம். வெளிய நின்னே அவளும் பாடினா... வாய் அசையறது எனக்குத் தெரிஞ்சுச்சு. முடிஞ்சதும் அவ அப்பனுக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தரும் போய்ப் பேசல. நானும் போகல."

சுவரில் மாதா படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பையன் நல்லவனாவே இருக்கட்டும். நீ அங்க போகாதம்மா. நான் உசுரோட இருக்கறப்பவே நீ அப்படி வாசல்ல நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

"அவங்களை வெளிய நிக்க வச்சது யாருப்பா? அந்தப் பரதேசியா, நம்மளா?"

"ஜசி!"

"தினமும் ஜெபமாலை முடிக்கறப்ப நம்மளை நாம என்னன்னு சொல்லிக்கிறோம்? பரதேசிகளாயிருக்கிற நாங்கன்னுதானே? லத்தீன்லயும் அதான் இருக்கு, தமிழ்லயும் அதான் இருக்கு. பாடறப்ப எல்லாரும் பரதேசி. பாடி முடிச்சதும் அந்த ஒரு குடும்பம் மட்டும் பரதேசியா?"

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லோகேஸ்வரனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுடைய அம்மாவின் கதை, அவனிடம் மறைக்க அவளுக்கு என்ன உரிமை? அடுக்குமாடியின் நடைபாதையில் நின்று சொன்னாள். கைக்குழந்தை என்று சொன்னபோது அவன் முகம் மாறியது.

"அது நான்தான்."

"ம்."

"பேரு கூட அவங்க பேரு இல்ல..." அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பா நல்லவருதான் ஜசிந்தா. அம்மாவை ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனாலும் பாருங்க... பாதிப் பாட்டை வச்சுக்கிட்டே முப்பத்தெட்டு வருஷம் இருந்திருக்காங்க. நானும் அப்பாவும் அதே வீட்டுல இருந்தோம், எங்களுக்கே தெரியல."

அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"இனிமே வராதீங்க."

"என்ன?"

"உங்கப்பா சொல்றது சரி. அம்மாக்குப் பாட்டு கெடைச்சிருச்சு, அது போதும். நீங்க வந்துகிட்டே இருந்தா... எனக்கு அடங்காது. நான் ஏதாச்சும் கேட்டுருவேன். நீங்களும் சரின்னு சொல்லிருவீங்க. அப்பறம் நீங்களும் ஒரு வாசல்ல போய் நிக்கணும். எங்கம்மா ஒருத்தங்க நின்னது போதும்லா."

"நான் என்ன சொல்லுவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆமா."

அந்த 'ஆமா'வில் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னலில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

இரண்டு ஞாயிறு அவள் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண் அளவை வலது கண்ணுக்கு எழுதிவிட்டுத் திட்டு வாங்கினாள்.

மூன்றாவது ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்பும்போது அவனிடமிருந்து செய்தி வந்தது. 'அம்மாக்கு ரெண்டாவது ஸ்ட்ரோக். இனிமே ஆஸ்பத்திரி வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுலதான் இருக்காங்க. முனகறது நின்னுருச்சு. வாங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல.'

அவள் திரும்பினாள். வாசலில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு."

"வா. நானும் வரேன்."

ஆயர் ஈத்தாம் வீட்டில் ஊதுபத்தி வாசம். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். பிரமிளா அம்மாளின் கண்கள் பாதி மூடியிருந்தன. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் போய், குனிந்து, அந்தச் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிலோமினா... நான் சவரி. அடிக்குரல்ல கட்டையாப் பாடுவேன்னு நீ கேலி பண்ணுவியே, அந்தச் சவரி." அவர் அந்தக் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "அன்னைக்கு நீ வெளிய நின்னப்பவே நான் வந்திருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிரும்மா."

அவர் பாட ஆரம்பித்தார். வயதான, உடைந்த அடிக்குரல். ஜசிந்தா முதல் குரலை எடுத்தாள். நடுவில் ஓரிடம் காலியாக இருந்தது. இருவரும் அந்த இடத்துக்காகக் காத்துக்கொண்டே பாடினார்கள். எதுவும் வரவில்லை. பாட்டு அந்தச் சொல்லுக்கு வந்தது... சுஸ்பிரா... இருவரும் நின்றார்கள். அந்த அமைதியில் கட்டிலிலிருந்து ஒரு மூச்சு கேட்டது. குரல் இல்லை. மூச்சு மட்டும். ஆனால் சரியாக அந்த இடத்தில்.

லோகேஸ்வரன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அன்று மத்தியானம் பிரமிளா அம்மாள் போய்விட்டார். மறுநாள் இந்து முறைப்படி பத்து லஞ்சாங் மயானத்தில் எரித்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக, கையில் ஜெபமாலையோடு, சவரிநாதன் கடைசிவரை நின்றார்.

பதினாறாம் நாள் சடங்கும் முடிந்தது. அதுவரை லோகேஸ்வரனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கு மேல் ஜசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை கிளம்பினாள். அப்பாவே காடியை எடுத்தார். அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு இன்னும் மனசு ஒப்பல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேசிட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

கதவு திறந்தேதான் இருந்தது. அவன் மொட்டைத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்து அம்மாவின் மருந்துப் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஏன் வந்தீங்க?"

"கேக்கறதுக்கு. உங்கம்மா பேச்சு இருந்த காலத்துல ஒரு நாளாச்சும் உங்கப்பாவைக் கட்டிக்கிட்டது தப்புன்னு சொன்னாங்களா?"

"...இல்ல."

"போயிடலாம்னு நெனைச்ச மாதிரி இருந்தாங்களா?"

"இல்ல. அப்பா செத்தப்ப மூணு நாள் சாப்பிடல அவங்க."

"அப்பறம் எப்படி அவங்க வாழ்ந்ததைத் தப்புன்னு நீங்க முடிவு கட்டறீங்க? அவங்க அழுதாங்க, சரி. பாட்டுக்காக அழுதாங்க, வீட்டுக்காக அழுதாங்க. ஆனா உங்கப்பாவுக்காக அழுததுதான் பெருசு. எதுக்கு அழறதுன்னு அவங்களே பார்த்து எடுத்துக்கிட்டாங்க. எனக்கு மட்டும் அந்த உரிமையைக் குடுக்க மாட்டீங்களா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நாள் தொண்டையில் நின்றதை இனி விழுங்க முடியாது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நான் எந்த வாசல்லயும் நிக்க மாட்டேன், உள்ளதான் போவேன். பேரை மாத்த மாட்டேன், சாமியை மாத்த மாட்டேன், உங்களையும் மாத்தச் சொல்ல மாட்டேன். சண்டை வரும். அப்பா கொஞ்ச நாள் பேச மாட்டார். அழுகை வந்தா அழுவேன்... ஆனா உங்க பக்கத்துல இருந்து அழுவேன். நீங்க இல்லாம அழுது பார்த்துட்டேன், அது முடியல."

லோகேஸ்வரன் மருந்துப் பையை மெதுவாகக் கீழே வைத்தான். அம்மா போன நாளிலிருந்து இறுகிப்போயிருந்த அவன் முகம் உடைந்தது.

"உங்க கிட்டதான் சொல்லல ஜசிந்தா. அம்மா கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"உங்களை வராதீங்கன்னு சொன்ன அன்னைக்கு. அம்மா, இவங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதனாலதான் போகச் சொல்லிட்டேன்னு சொன்னேன்."

"அம்மா... என்ன செஞ்சாங்க?"

"அவங்களால என்ன சொல்ல முடியும்?" அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினான். காலியான கட்டிலைப் பார்த்தபடி அது இன்னும் அங்கேயே கிடந்தது. "நல்லா இருக்கற கையால என் காதைப் பிடிச்சுத் திருகுனாங்க. சின்னப் பிள்ளையில தப்புப் பண்ணா திருகுவாங்களே, அப்படி. அப்பறம் அதே கையால நீங்க உட்கார்ற அந்த நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டுனாங்க. மறுநாளும் தட்டுனாங்க. அதுக்கு மறுநாளும். ரெண்டு வாரம்... கை ஓயற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தாங்க ஜசிந்தா. நான்தான் உங்களைக் கூப்பிடல."

ஜசிந்தா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அம்மா போனதிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தான்.